தன்மையிடமும் படர்க்கைச் சொல்லும்: திருநங்கையர் தம்மை வெளிப்படுத்திய வரலாறு, நாஞ்சில் நாட்டு வழக்குகளை முன்னிட்டு

தமிழில் தன்மைச் சொல்லுக்குப் பால் இல்லை. 'வந்தேன்' என்பவர் ஆடவரோ மகளிரோ என்பது அச்சொல்லால் விளங்குவதன்று. முன்னிலையும் அத்தகையதே; 'வந்தாய்' என்பதும் 'வந்தீர்' என்பதும் இருபாலார்க்கும் பொது. பாற்பாகுபாடு தோன்றும் இடம் படர்க்கை. நம்மைப் பற்றிப் பிறர் பிறரிடத்துப் பேசி, 'வந்தான்' என்றோ 'வந்தாள்' என்றோ முடிக்கும்போதுதான் மொழி நம்மை ஒரு பாலில் நிறுத்துகின்றது. இலக்கணம் பயில்வோர் தொடக்கத்திலேயே அறியும் இச்செய்தி, பிறப்பில் தமக்கு இடப்பட்ட பாலுக்கு வேறாகத் தம்மை உணர்வோரின் வாழ்க்கையை நோக்குமிடத்துப் புதிய பொருள் பெறுகின்றது. அவர்கள் தம்முள் 'நான்' என்று எண்ணுங்கால் மொழியால் வரும் தடை யாதுமில்லை. தடை பிறர் வாயில் உள்ளது. ஆகவே அவர்கள் தம்மை வெளிப்படுத்துதல் என்பது, தம்மைக் குறிக்கும் படர்க்கைச் சொல்லை மாற்றுமாறு பிறரை வேண்டுதலே ஆகும். அவ்வாறு வேண்டுதற்குத் துணிவு வேண்டும். அவ்வேண்டுகோளைக் கேட்டுத் தம் சொல்லை முதலில் மாற்றுபவர் ஒருவரும் வேண்டும். அத்துணிவும் அத்துணையும் தமிழகத்தில் எங்ஙனம் அமைந்தன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். நாஞ்சில் நாட்டை முன்னிட்டதற்குக் காரணம் போகப்போக விளங்கும்.

பண்டை இலக்கணிகள் இவ்விடர்ப்பாட்டை அறியாதவர் அல்லர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒருங்கு வைத்து, அவற்றிற்கெனத் தனி ஈறு இன்மையின் உயர்திணைப் பாலீறுகளையே அவை கொள்ளும் என்றார். அதே இயலில் பின்னர், ஆண்மை திரிந்தோர் பெயர் ஆண்பால் முடிபு கொள்ளுதற்கு இடமில்லை என்று வரையறுத்தார். பேடி என்னும் பெயர் 'வந்தாள்' என முடியுமேயன்றி 'வந்தான்' என முடியாது என்பது இதன் பயன். ஒருவர் விட்டு நீங்கிய பாலின் சொல்லை அவர்மீது மீட்டும் ஏற்றலாகாது என்ற இவ்விதி, இன்றைய குடும்பங்கள் பலவற்றில் இன்னும் கைக்கொள்ளப்படாத விதி என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பவணந்தியார் ஒருபடி மேற்செல்கின்றார். நன்னூற் பெயரியலில் அவர், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பாலாவர் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பாலாவர் என்றும் கூறுவர். 'அவாவுதல்' என்னும் சொல் ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. பாலினைத் துணிதற்கு அவர் கொண்ட அளவுகோல் உடலன்று, விருப்பம். திருநங்கை, திருநம்பி என்று நாம் இன்று பிரித்து வழங்கும் இருசாராரையும் அந்நூற்பா தனித்தனியே கண்டுள்ளது. எனினும் அதே நூற்பாவின் இறுதிப் பகுதி, இவ்விருதிறத்தாரும் அஃறிணையைப் போலவும் ஆகலாம் என்று இடம் தந்துவிட்டது. முன்னிரண்டு பகுதிகளைப் பெருமையுடன் எடுத்தோதும் மேடைப் பேச்சுகளில் இம்மூன்றாம் பகுதி பெரும்பாலும் விடுபடுகின்றது. அது நேர்மையாகாது. திருவள்ளுவரும் பேடியின் கையில் உள்ள வாளை இருகுறள்களில் உவமையாக்கியுள்ளார். இரண்டிடத்தும் பயனின்மையே உவமத்தின் பொருள்.

காப்பியங்களில் நாம் காண்பது வேறொரு நிலை. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடு என்பதும் ஒன்று. மணிமேகலையில் புகார் நகரத்துத் தெருவில் பேடிக்கோலத்து ஆடலைக் காண மக்கள் கூடி நிற்கின்றனர். அக்காதையிலேயே, மணிமேகலையைச் சூழ்ந்துகொண்ட கூட்டத்துக்கு, விராடன் நகரில் பேடியாயிருந்த விசயனைக் காணச் சூழ்ந்த கூட்டத்தைச் சாத்தனார் உவமையாக்குகின்றார். காண்பொருளாய் நிற்பதன் துன்பத்தை அறிந்த புலவரின் உவமை அது. ஆடலுக்கு இடம் தந்த சமுதாயம், ஆடல் முடிந்தபின் ஆடியவர் எவ்வீட்டுக்குத் திரும்பினார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. அவை கல்குளம், விளவங்கோடு வட்டங்களுடன் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. இந்நாட்டு அரங்குக்கும் பெண்வேடத்துக்கும் உள்ள தொடர்பு நெடியது. சுடலைமாடன் கோயிற் கொடைகளில் நிகழும் கணியான் கூத்தில், அண்ணாவி கதை பாட, மகுடம் முழங்க, பெண்கோலம் பூண்ட ஆடவர் சலங்கை கட்டி ஆடுவர். இசைநாடக மேடையிலோ 'ஸ்திரீபார்ட்' என்று தனிப்பிரிவே இருந்தது. நாகர்கோவிலோடு நெருங்கிய தொடர்புடைய டி.கே.எஸ். சகோதரர்களுள் ஒருவரான டி.கே. சண்முகம், ஔவையார் வேடத்தில் நடித்த சிறப்பினால் 'ஔவை' சண்முகம் என்றே பெயர் பெற்றார். பெண்வேடத்தின் பெயர் ஆடவர் ஒருவருக்கு மதிப்புக்குரிய அடைமொழியாய் வாழ்நாள் முழுதும் நின்றது சிறிய செய்தியன்று.

ஆயினும் வேடம் வேறு, வாழ்வு வேறு என்பதை ஈண்டே தெளிவாக்கிவிடுதல் நன்று. கணியான் கூத்தில் ஆடுபவரும் ஔவை சண்முகமும் திருநங்கையர் அல்லர். அவர்களை அவ்வாறு கருதுவது அவர்களுக்கும் திருநங்கையர்க்கும் ஒருங்கே இழைக்கும் பிழை. நாம் சொல்ல வருவது வேறு. பெண்கோலத்தில் நிற்கும் ஆடவரைக் கண்டு மகிழும் பயிற்சி இந்நாட்டு மக்களுக்கு உண்டு. வேடம் கலையும் என்ற உறுதி இருக்கும்வரை அம்மகிழ்ச்சி குறைவதில்லை. 'இது வேடமன்று, நானே இதுதான்' என்று ஒருவர் கூறும்போதுதான் அரங்கு மறைந்து வீடு எதிரே நிற்கின்றது. திருநங்கையரின் துயர வரலாறு தொடங்குவது அந்த இடத்தில்.

நாஞ்சில் நாட்டின் மற்றொரு மரபையும் கருதவேண்டும். நம்மாழ்வாரின் அன்னையார் உடையநங்கை பிறந்த ஊர், நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரம் எனப்படும் திருவண்பரிசாரம் என்பது வைணவ மரபு. உடையநங்கையும் காரியும் திருக்குறுங்குடி நம்பியை வேண்டிப் பெற்ற பிள்ளையே ஆழ்வார் என்றும் அம்மரபு கூறும். அப்பிள்ளை திருவாய்மொழியில் தலைவியாய் நின்று பாடியபோது, வைணவ ஆசிரியர்கள் அந்நிலைக்குப் பராங்குச நாயகி என்றே பெயரிட்டனர். பாடும் நிலைக்கேற்பப் பெயரையும் பாலையும் மாற்றிக் கூற அவர்கள் தயங்கவில்லை. நங்கை, நம்பி என்னும் அவ்விரு பழஞ்சொற்களும் நம் காலத்தில் 'திரு' என்னும் அடைபெற்று, முன்னது பெண்ணாய்த் தம்மை உணர்ந்தோர்க்கும் பின்னது ஆணாய்த் தம்மை உணர்ந்தோர்க்கும் பெயராயின. பெயரிட்டோர் இக்கதையை எண்ணி இட்டனர் என்று நாம் கூறவில்லை. சொற்கள் தாம் செல்லும் வழியில் பழைய உறவுகளையும் உடன்கொண்டு செல்கின்றன என்றே கூறுகின்றோம்.

வீட்டினுள் மறைந்திருந்த துயரைத் தன்மையிடத்தில் நின்று வெளியிட்டு, அதனால் சட்டமே மாறக் கண்ட அனுபவமும் இந்நாட்டுக்கு உண்டு. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1917-18ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் எழுதிய நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம், காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் வாயாற் கூறும் கதையாக அமைந்தது. மருமக்கள்தாய முறையின் கேடுகளை எடுத்துரைத்த கட்டுரைகளும் கூட்டங்களும் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. எனினும் 'எனக்கு இது நேர்ந்தது' என்று ஒரு பெண்குரல் பேசியபோது மக்கள் சிரித்தனர். சிரித்துக்கொண்டே தம் வீட்டை அதனுள் கண்டனர். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. நூல் ஒன்றே சட்டத்தை ஈன்றது என்பது மிகை. நூல் கேட்போரை உண்டாக்கிற்று என்பது மிகையன்று. கவிமணி பெண்குரலை இரவல் வாங்கினார். திருநங்கையர் தம் குரலிலேயே பேச இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அவ்விடைவெளியில் அவர்களைப் பற்றிப் பிறர் எழுதினர். அவ்வெழுத்துகளுட் சிறந்தது, நெல்லை மண்ணின் எழுத்தாளர் சு. சமுத்திரம் 1994இல் வெளியிட்ட 'வாடாமல்லி' நாவல். இகழ்ச்சியோ நகைச்சுவையோ இன்றி அவர்தம் வாழ்வைப் பெருந்திரள் வாசகர்முன் வைத்த முதன்மைப் படைப்புகளுள் அது ஒன்று. ஆயினும் அது படர்க்கைக் கதையே. பரிவுடைய படர்க்கை எனலாம்.

துணிவும் துணையும் ஓரிடத்தில் கூடிய வரலாற்றுக்கு நர்த்தகி நடராஜ் அவர்களின் வாழ்க்கையினும் சிறந்த சான்று நமக்குக் கிட்டுமாறில்லை. மதுரையிற் பிறந்த அவர், சிறுவயதிலேயே தம்முள் இருந்த பெண்மையை உணர்ந்தார். அதனை அவர் முதலில் கூறியது பெற்றோரிடம் அன்று, ஆசிரியரிடமும் அன்று. தம்மையொத்த உணர்வுடைய தோழி சக்தியிடமே. ஒருவர் உணர்வை மற்றவர் கூறாமலே அறிந்தனர். வீட்டாரின் சினமும் ஊராரின் ஏளனமும் வந்தபோது இருவரும் சேர்ந்தே வீட்டை விட்டு நீங்கினர். பின்னர்க் கலைப்பயணத்திலும் சேர்ந்தே நின்றனர். ஒருவர் மற்றவரை 'அவள்' என்று சொல்லும் உலகம் இருவர் அளவில் அமைந்துவிட்டது. இருவர் என்பது சிறிய எண்தான். ஆயினும் ஒருவர் என்பதற்கும் இருவர் என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, இருவர்க்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவினும் பெரிது என்று அவ்வாழ்க்கையைக் கற்போர்க்குத் தோன்றும்.

பின்னர் அவர்கள் தஞ்சை நால்வர் மரபில் வந்த நாட்டியப் பேராசான் கிட்டப்பா பிள்ளையை நாடிச் சென்றனர். அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த பின்னரே பாடம் தொடங்கிற்று. தொடங்கிய பயிற்சி குருகுல முறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நிகழ்ந்தது. 'நர்த்தகி' என்ற பெயரைச் சூட்டியவரும் அவ்வாசிரியரே. இச்செயலின் அருமையை நாம் விரித்துரைக்க விரும்புகின்றோம். நர்த்தகி என்பது பெண்பாற் பெயர். ஆசான் அப்பெயரால் மாணவியை அழைத்தபோது, அவையோரும் பக்கவாத்தியக்காரரும் பிற மாணாக்கரும் வேறு பாலில் அவரைக் குறிக்க வழியில்லாது போயிற்று. நீண்ட அறிவுரையோ பரிவுரையோ அவர் வழங்கினாரா என்பது பெரிதன்று. பெயரிட்டார்; அடவு திருத்தினார். மாணவி நாயகி பாவத்தில் சிறந்து, ஆழ்வார் பாடல்களையும் தமிழ்ப் பழம்பாடல்களையும் ஆடற்கு எடுத்துக்கொண்டார். நாஞ்சில் நாட்டு நங்கையின் பிள்ளை நாயகியாய் நின்று பாடிய பாட்டுமரபு, இவ்வாறு இக்காலத்துத் திருநங்கை ஒருவரின் மெய்ப்பாட்டில் வந்து சேர்ந்தது. 2011ஆம் ஆண்டுக்குரிய சங்கீத நாடக அகாதெமி விருதும், 2019இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. 2021இல் தமிழக அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராகவும் அமர்த்தப்பெற்றார்.

எல்லார்க்கும் கிட்டப்பா பிள்ளை கிட்டுவதில்லை. பெரும்பாலோர்க்குத் துணையானது ஜமாத் என்னும் அவர்தம் சமூக அமைப்பே. குரு, சேலா என்ற உறவும், அதனோடு இணைந்த தாய், மகள், பாட்டி என்ற முறைப்பெயர்களும் அங்கு உண்டு. பெற்ற தாய் மகள் என்று அழைக்க மறுத்தவரை மற்றொரு தாய் மகள் என்று அழைக்கும் இடம் அது. அதன் கட்டுப்பாடுகள் கடுமையானவை; பிழைப்பு வழிகளோ மிகக் குறுகியவை; இவற்றையும் அவர்களே எழுதியுள்ளனர். சித்திரைத் திங்களில் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயிலில் அவர்கள் பெருந்திரளாய்க் கூடும் நாட்களில் 'அவள்' என்பதே இயல்பான சொல்லாகும். அக்கோயிலின் அரவான் கதையிலிருந்து எழுந்த 'அரவாணி' என்ற பெயர் 1990களிலிருந்து பரவலாயிற்று. இழிவுப் பெயர்களை நீக்கியது அதன் பயன். ஓரிரவில் கணவனை இழந்தவள் என்ற பொருளை வாழ்நாள் முழுதும் சுமக்கச் செய்தது அதன் குறை. 'திருநங்கை' என்னும் சொல் அக்குறையைத் தீர்த்தது.

தன்னுரைகளுக்கு வருவோம். ஆ. ரேவதி 2005இல் 'உணர்வும் உருவமும்' என்ற நூலில் தம்மையொத்தோர் பலரின் வாய்மொழிகளைத் தொகுத்தார். முதலில் பிறர் கதையைக் கேட்டு எழுதியவர் பின்னரே தம் கதையை எழுதினார் என்பது கருதற்பாலது. தம் வரலாறு 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாய் வெளிவந்த பின்னர், 2011இல் 'வெள்ளை மொழி' என்று தமிழில் வெளிவந்தது. தமிழில் எழுந்த தன்னுரை வேற்றுமொழி வழியாகத் தமிழ் வாசகரை அடைந்தமை நம் பதிப்புலகம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' 2007இல் வெளிவந்தது. தலைப்பின் அமைப்பைக் காண்க. தன்மைப் பெயர் முதலில் நிற்கின்றது. அதன்பின் பிறர் இட்ட பெயரும் தாம் கொண்ட பெயரும் இடைவெளி மட்டும் விட்டு அருகருகே நிற்கின்றன. இந்நூல் கன்னடம் சென்று, அங்கு 'நானு அவனல்ல... அவளு' என்ற பெயரில் திரைப்படமாகவும் ஆயிற்று. நான் அவன் அல்லேன், அவள் என்பது அதன் பொருள். தன்மைக்கும் படர்க்கைக்கும் இடையே நிகழும் வழக்கு முழுவதும் அம்மூன்று சொற்களில் அடங்கிவிட்டது. இத்தகைய நூல்களைத் தனிமையிற் படிக்கும் இளைஞர் ஒருவர்க்கு, தாம் இன்னும் யாரிடமும் கூறாத ஒன்றைக் கூறி முடித்தவர் ஒருவர் உளர் என்ற செய்தியே முதற்றுணையாகின்றது.

அரசும் நீதிமன்றமும் பின்னர் வந்தன. தமிழக அரசு 2006 டிசம்பரில் வெளியிட்ட ஆணை, பால்வேறுபாடு காரணமாகக் கல்விச் சேர்க்கை மறுக்கலாகாது என்றதோடு, இத்தகைய பிள்ளைகளின் குடும்பத்தார்க்கு ஆலோசனை வழங்கவும் வகைசெய்தது. துயரின் ஊற்று வீட்டில் இருப்பதை அவ்வாணை கண்டுகொண்டது. 2008 ஏப்ரல் 15ஆம் நாள் நலவாரியம் அமைந்தது. 2014ஆம் ஆண்டில் அதே ஏப்ரல் 15ஆம் நாள், தம் பாலினைத் தாமே துணியும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்னூலாரின் 'அவாவுதல்' சட்டத்தின் மொழியில் மறுபிறப்பு எய்தியது எனலாம். அதன் மூன்றாம் பகுதியோ அங்கு இடம்பெறவில்லை. ஆயினும் 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மாவட்ட ஆட்சியரின் சான்றிதழை வேண்டுகின்றது. குமரி மாவட்டத்தவர் ஆயின் நாகர்கோவிலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். தன்மையிற் கூறியதை மெய்யென்று படர்க்கையில் ஒருவர் கையெழுத்திட்டால்தான் அது நிலைபெறும் என்னும் இவ்வேற்பாடு, 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உள்ளத்தோடு ஒத்ததன்று என்பதே எம் கருத்து.

ஒரு சொல்லின் பொருளே வழக்காகி நின்ற தீர்ப்பு ஒன்று தமிழாய்வாளர் அனைவரும் அறியத்தக்கது. தூத்துக்குடியில் 2018 அக்டோபரில் கோயிலில் மணந்துகொண்ட ஆடவர் ஒருவரும் திருநங்கை ஒருவரும் தம் திருமணத்தைப் பதிவுசெய்ய முயன்றபோது, பதிவு மறுக்கப்பட்டது. குமரி மாவட்டமும் அடங்கிய எல்லையையுடைய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2019 ஏப்ரல் 22ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்னும் பொருளுடைய சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று கூறிற்று. நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய அத்தீர்ப்பு, சொல்லுக்குப் பொருள் காணும் உரையாசிரியர் முறையில், காலத்தோடு பொருந்தப் பொருள் கொண்டது. 2022இல் தமிழக அரசு, பாலினம் குறித்த சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. செய்தித்தாள்கள் எச்சொல்லை எழுதுகின்றனவோ அச்சொல்லே திண்ணைக்கும் வருகின்றதாதலின் அதனைச் சிறு செயலாகக் கருதலாகாது.

இவை யாவும் வெளியில் நிகழ்ந்தவை. வீட்டுக்குள் வழங்கும் சொல்லை அரசாணை எட்டுவதில்லை. அங்கு வட்டார வழக்கே ஆட்சி செய்யும். நாஞ்சில் நாட்டு விளிச்சொற்களுள் பால் காட்டுவன உண்டு. 'ஏலே' என்பது ஆண்பிள்ளைக்கும் 'ஏட்டி' என்பது பெண்பிள்ளைக்கும் உரியன. இவற்றோடு பால் காட்டாத மற்றொரு விளியும் உண்டு. தாயும் பாட்டியும் அன்பு மிகுந்தவிடத்து ஒரே பிள்ளையையும் 'மக்களே' என்று அழைப்பர். ஒத்த வயதினர் 'மக்கா' என்பர். ஒருமைக்குப் பன்மை வாய்பாடு வந்தது ஒருபுறம் இருக்க, மகன், மகள் என்னும் பாற்பிரிவு அச்சொல்லில் எழுவதே இல்லை என்பது நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. மகனென்று வளர்த்த பிள்ளை மகளாய்த் திரும்பி வரும் நாளிலும், நாஞ்சில் நாட்டுத் தாய்க்கு வாசலில் தன் விளிச்சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. 'வா மக்களே' என்று அவள் அழைக்கலாம். அண்டை வீட்டார் வந்து வினவும்போது, 'வந்திருக்கான்' என்பதா 'வந்திருக்கா' என்பதா என்னும் இடத்திற்றான் அவள் நாத் தயங்கும்.